ஒரு சாய்கோடும் பதினொரு சான்றிதழ்களும்

சில ஆண்டுகளுக்கு முன்பு நான் வேலை பார்த்த சிறு நிறுவனம், ஒரு கல்வி நிலையத்துக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தது. மாணவர் பட்டியலை உள்ளே போட்டால் ஒவ்வொருவருக்கும் ஒரு பிடிஎஃப் சான்றிதழ் தயாராகி வரும். அந்த நிரலை எழுதியவன் நான்தான்.

பரிசளிப்பு விழாவுக்கு மறுநாள் அங்கிருந்து தொலைபேசி வந்தது. “பதினொரு பிள்ளைகளுக்குச் சான்றிதழே வரவில்லை. மேடையில் அவர்கள் பெயரையும் வாசிக்கவில்லை. பெற்றோர் வந்து கேட்கிறார்கள், நான் என்ன சொல்வது?”

பட்டியலைத் திறந்தேன். பதினொருவரும் நம் பிள்ளைகள். ஆனால் மற்ற பல தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் வந்திருந்தது. வித்தியாசம் என்ன என்று தேடியபோதுதான் கண்ணில் பட்டது. விடுபட்ட அத்தனை பெயர்களிலும் ‘எஸ்/ஓ’ அல்லது ‘டி/ஓ’ இருந்தது.

நமக்கு அது ‘மகன்’, ‘மகள்’ என்பதற்கான குறி. கணினிக்கோ அந்தச் சாய்கோடு, ‘இந்தக் கோப்புறைக்குள்’ என்று பொருள்படும். நான் மாணவர் பெயரையே கோப்புக்கும் பெயராக வைத்திருந்தேன். ‘ராமன் எஸ்/ஓ குமார்’ என்று வந்தால், ‘ராமன் எஸ்’ என்ற கோப்புறையைத் தேடி, அதற்குள் ‘ஓ குமார்’ என்ற கோப்பைச் சேமிக்கப் பார்க்கும். அப்படி ஒரு கோப்புறை ஏது? பிழை வரும். பிழை வந்தால் அவரை விட்டுவிட்டு அடுத்தவருக்குப் போ என்று நானே ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். மலேசியப் பெயர்களில் வரும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ இருந்திருந்தாலும் இதே கதிதான்.

என் அடையாள அட்டையிலும் ‘எஸ்/ஓ’ இருக்கிறது. அப்படியும் எனக்குத் தோன்றவில்லை.

சாய்கோடு வந்தால் சிறுகோடாக மாற்று. ஒரே வரியில் திருத்தம் முடிந்தது. சான்றிதழ்களை அச்சிட்டு அனுப்பினோம். அந்த வரியை என் சொந்தக் குறிப்பில் சேமித்துக்கொண்டேன். வெட்கமாக இருந்ததால் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, எங்கள் அலுவலகத்தின் இன்னொரு குழு ஒரு நிகழ்ச்சிக்கு நுழைவு அட்டைகள் தயாரித்தது. சிலருக்கு அட்டை வரவில்லை. அதே சாய்கோடு. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். “என்னிடம் அதற்கு ஒரு வரி இருக்கிறதே” என்றேன். குழுத் தலைவி என்னைப் பார்த்து, “இருந்ததா?” என்று மட்டும் கேட்டார். இன்றும் அந்தக் கேள்வி காதில் இருக்கிறது.

அன்றே அந்த வரியை, நடந்த கதையோடு, எல்லாரும் பார்க்கும் அலுவலகப் பொதுக் குறிப்பேட்டில் போட்டேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து வேலைப் பயிற்சிக்கு வந்திருந்த மாணவி என் மேசைக்கு வந்தார். “அண்ணா, ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால்?”

இரண்டாமவரின் கோப்பு முதலாமவருடையதை அழித்துவிடும். என் திருத்தத்திலேயே ஓட்டை. “பெயரை ஏன் தொட வேண்டும்? பதிவு எண்ணைக் கோப்புக்கு வைத்துவிடலாமே” என்றார். இரண்டு ஆண்டுகள் என்னிடம் பத்திரமாக இருந்தது ஒரு தவறான விடை! நான்கு பேர் கண்ணில் பட்டதும்தான் அது சரியானது.

பெரியவர்களுக்கும் இது நடக்கும். ஆண்ட்ரியாஸ் லண்ட்பிளாட் என்ற நிரலாளர் 2010ல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில், கோப்பின் அளவை எளிதாகப் படிக்கும்படி காட்டும் ஒரு ஜாவா நிரல் துண்டைப் பகிர்ந்தார். ஆயிரக்கணக்கான திட்டங்களில் அது நகலெடுக்கப்பட்டது. அதில் ஒரு பிழை இருந்தது. 999,999 பைட்டை 1 மெகாபைட் என்று காட்டாமல் 1000 கிலோபைட் என்று காட்டியது. 2019ல் அவரே அதை வெளிப்படையாக எழுதித் திருத்தினார். பகிர்வதில் இருக்கும் பொறுப்பும் அதுதான், பலனும் அதுதான்.

அதனால் இப்போது எதைப் பகிர்ந்தாலும் நான்கு விஷயங்களைப் பார்த்துக்கொள்கிறேன்.

முதலில், எந்தச் சிக்கலுக்கு இது என்று ஒரு வரி எழுதுகிறேன். நிரலைப் பார்த்தால் என்ன செய்கிறது என்று தெரியும். ஏன் செய்கிறது என்று தெரியாது.

இரண்டாவது, ஓர் எடுத்துக்காட்டும் அதற்கு வரவேண்டிய விடையும். ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? பைத்தானிடம் நீளத்தைக் கேட்டால் 5 என்கும். ‘மி’யின் இகரக் குறியையும் ‘ழ்’ மேல் உள்ள புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணும். ‘விடை 3 வர வேண்டும்’ என்று எழுதிவிட்டால், நகலெடுப்பவர் உடனே சோதித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, எங்கே இது வேலை செய்யாது என்று தெரிந்தவரை சொல்லிவிடுகிறேன்.

நான்காவது, கடவுச்சொல், வாடிக்கையாளர் பெயர், அடையாள அட்டை எண் எதுவும் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று இரண்டு முறை பார்க்கிறேன்.

வாங்கிக்கொள்பவருக்கும் ஒரு வேலை உண்டு. புரியாத வரியை ஓட்டாதீர்கள். கோப்புகளை அழிக்கும் அல்லது மாற்றும் கட்டளை என்றால், முதலில் ஒரு நகலில் ஓட்டிப் பாருங்கள்.

உங்கள் கணினியிலும் அப்படி ஒரு வரி ஒளிந்திருக்கும். “இது சின்ன விஷயம், இதைப் போய் யாரிடம் சொல்வது” என்று வைத்திருப்பீர்கள். திங்கட்கிழமை காலை அதை நாலு பேர் பார்க்கும் இடத்தில் போடுங்கள். என் ஒரு வரியை யாராவது எனக்கு முன்பே எழுதிப் பொதுவில் போட்டிருந்தால், அந்தப் பதினொரு பிள்ளைகளும் அன்று மேடை ஏறியிருப்பார்கள்.