தட்டில் மிதக்கும் உலோகம்

செம்பைவிட வெண்கலம் ஏன் கடினமானது? நான்காம் படிவ மாணவர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். "வேறு அளவுள்ள ஈய அணுக்கள், அடுக்குகள் வழுக்குவதைத் தடுக்கின்றன" என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். வெள்ளீயம் என்று திருத்திவிட்டால் எஸ்.பி.எம். தேர்வில் முழுப் புள்ளி. ஆனால், எது எதன்மேல் வழுக்குகிறது என்று கேட்டால் பதில் வராது. நானும் அப்படிப் படித்தவன்தான். ஆசிரியரான பிறகும் சில ஆண்டுகள் அப்படித்தான் கற்பித்தேன்.

என்னை மாற்றியது ஆசிரியர்களுக்கான ஒரு செய்முறைப் பட்டறை. கொடுத்த பொருள்கள்: ஒரு தட்டு, தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, மீன் தொட்டிக் காற்றுப் பம்பு, முனை மழுக்கிய மெல்லிய ஊசி. ஊசி வழியே காற்று சீராக வந்தால் ஒரே அளவுக் குமிழிகள் மிதந்து, ஒவ்வொன்றையும் ஆறு சூழ, தாமாகவே அடுக்கிக்கொள்கின்றன. 1947இல் பிராக், நை என்ற இரு அறிவியலாளர்கள் உலோகத்துக்கு மாதிரியாகக் காட்டியது இதைத்தான்.

இரு பக்கமும் அடிக்கோல் வைத்து மெல்ல அழுத்துங்கள். முழு வரிசையும் ஒரே நேரத்தில் நகர்வதில்லை. பாயில் விழுந்த சுருக்கத்தைத் தள்ளுவதுபோல், ஒரு சிறு பிசகு மட்டும் வரிசை நெடுக ஓடுகிறது. நடுவில் பெரிய குமிழி ஒன்று இருந்தால் அந்தப் பிசகு அங்கே தடுமாறும். வெண்கலத்தில் வெள்ளீய அணு செய்யும் வேலையும் அதுவே.

என் வகுப்பில் முதல்முறை பம்பு இல்லாமல் உறிஞ்சுகுழலால் ஊதினோம். சிறிதும் பெரிதுமாகக் குமிழிகள், ஒழுங்கே இல்லை. தோல்வி என்று தட்டைக் கவிழ்த்துவிட்டேன். அது கண்ணாடிக்கு நல்ல மாதிரி என்பது வீட்டுக்குப் போனபின்தான் உறைத்தது!

பாடத்திட்டத்தை முடிக்க நேரமில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால், பட்டறைக்குப் போய், சான்றிதழோடு படம் எடுத்து, மாதிரிப் பெட்டியை அலமாரியில் பூட்டுவதற்கு மட்டும் நமக்கு நேரம் இருக்கிறது. மாணவர் கை படாத மாதிரி வெறும் அலங்காரப் பொருள். அது எங்கே பொய் சொல்கிறது என்பதையும் அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். தட்டில் இருப்பது ஒற்றை அடுக்கு. செம்பில் அடுக்குமேல் அடுக்கு.

"குமிழி உடையுதே, அணுவும் இப்படி உடையுமா சார்?" என்று பின்வரிசை மாணவி கேட்டாள். தேர்வில் வராத கேள்வி. அன்று மீதி நேரம் முழுவதும் அதற்கே போனது.