முட்டியில மட்டுமா இருக்கு அந்த என்சைம்?

மத்தியானம் ரெண்டு மணி வாக்குல எங்க தெரு மெடிக்கல் ஷாப்புல நின்னு பாருங்க. உப்பளத்துல உப்பு வாரிட்டுத் திரும்புற அக்காமாருங்க, "அண்ணாச்சி, முட்டி வலிக்கு ரெண்டு குடுங்க"ம்பாங்க. டாக்டர் சீட்டும் கிடையாது, கேள்வியும் கிடையாது. டைக்ளோஃபினாக் கைமாறும்.

அந்த மாத்திரை என்ன பண்ணுது? உடம்புல அழற்சி வந்த இடத்துல சைக்ளோஆக்சிஜனேஸ், சுருக்கமா காக்ஸ், என்கிற நொதி புரோஸ்டாகிளாண்டின்களை உண்டாக்கும். வீக்கமும் வலியும் அதனாலதான். ஆஸ்பிரின் இந்த உற்பத்தியைத் தடுக்குதுன்னு 1971-ல ஜான் வேன் காட்டினார். 1982-ல நோபல் பரிசு. (நான் தூங்குன பாடம்தான் இது, இப்போ உக்காந்து படிக்கிறேன்.) பிறகு வயிற்றைக் காக்கும் காக்ஸ்-1ஐ விட்டுட்டு, அழற்சியில கிளம்புற காக்ஸ்-2ஐ மட்டும் குறிவைக்கிற மருந்துகள் வந்தன. அதுல ஒண்ணான ரோஃபிகாக்சிப், மாரடைப்பு அபாயத்தால 2004-ல திரும்பப் பெறப்பட்டது.

நம்ம ஊருக்கு முக்கியமானது கிட்னி. உடம்புல தண்ணி குறையும்போது கிட்னிக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கிடாம பார்த்துக்கிறது இதே புரோஸ்டாகிளாண்டின்தான். அங்கே காக்ஸ்-2வுக்கும் வேலை இருக்கு, அதனால புது மருந்துன்னாலும் கிட்னி தப்பாது. ஃபேனுக்கு அடியில உக்காந்திருக்கிற நமக்கு என்னைக்கோ ஒரு மாத்திரை பெரிய விஷயமில்ல. ஒதுங்கக் கழிப்பறை இல்லைன்னு தண்ணியையே குறைச்சுக் குடிச்சுட்டு வெயில்ல நிக்கிறவங்களுக்கு?

தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்கள் 352 பேரைப் பற்றி சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்கள் 2023-ல வெளியிட்ட கட்டுரையில, சுமார் 7 சதவீதம் பேருக்கு சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைஞ்சிருந்தது. அது வெப்பத்தைப் பத்தின ஆய்வு. மாத்திரை மேல நான் பழி போடல. ஏற்கெனவே அடிவாங்குற கிட்னி மேல இதுவும் ஏறுதுன்னுதான் சொல்றேன்.

சட்டப்படி டைக்ளோஃபினாக்குக்கு டாக்டர் சீட்டு வேணும். சீட்டு வாங்கப் போனா அன்னைக்குக் கூலி போச்சு. அதனால "டாக்டரைப் பாருங்க"ன்னு சொல்லிட்டு நகர்றதுல எனக்கு உடன்பாடு இல்லை. நிழலும் குடிதண்ணியும் கழிப்பறையும் உப்பள முதலாளி பொறுப்பு. அண்ணாச்சி, "இன்னைக்கு எவ்வளவு தண்ணி குடிச்சீங்க, ஒண்ணுக்கு ஒழுங்கா போகுதா?"ன்னு கேக்கலாம், காசா பணமா?

நம்ம என்எஸ்எஸ் கேம்ப்ல இந்த வருஷமும் மரக்கன்று நடப்போறதா கேள்வி. ஒரு நாள் உப்பளத்துப் பக்கம் போய் கிரியாட்டினின் டெஸ்ட் எடுக்க ஏற்பாடு பண்ணா என்ன?