மணிக்கட்டுக்கு முன் மனக்கணக்கு

எம்.ரெட்டியபட்டியில் இருந்துகொண்டு கடலுக்குள் மூழ்குவதைப் பற்றி எழுத வந்திருக்கிறேன் என்றால் சிரிக்கத்தான் தோன்றும். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தைத் தெரிந்தவர்களுக்கு இது கரிசல் காடும் சீமைக்கருவேலும் கொண்ட பூமி. குண்டாற்றில் தண்ணீர் வந்தால் அது ஊர்ச் செய்தி. ஆனால் எங்களுக்குக் கிணறுகள் உண்டு. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீச்சல் பழகி, பிறகு குடுக்கையைக் கழற்றிவிட்டு, அடியில் போட்ட கல்லை எடுத்து வருவதில் போட்டியிட்டு வளர்ந்தவன் நான். பத்தடி ஆழம் போனதும் காதில் ஊசி குத்துவது போல் வலிக்கும். அது ஏன் என்று கேட்டபோது, "தண்ணீர் கனம்டா" என்றார் என் தாத்தா. அவர் சொன்னது சரியான விடை என்பதைப் பள்ளியில் அழுத்தம் பற்றிப் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

அறிவியல் ஆசிரியனாகப் பல ஆண்டுகள் பணியாற்றிய பின், ஒரு விடுமுறையில் புதுச்சேரிக்குப் போய், காற்று உருளையை முதுகில் சுமந்து மூழ்கும் பயிற்சியில் சேர்ந்தேன். ஸ்கூபா என்று இதைச் சொல்கிறார்கள். 1943-இல் ஜாக் கூஸ்தோ, எமில் கன்யான் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் செப்பம் செய்த சாதனம் இதற்கு அடிப்படை. நாம் எந்த ஆழத்தில் இருக்கிறோமோ அந்த ஆழத்தின் அழுத்தத்திற்குச் சமமான அழுத்தத்தில் அது காற்றைத் தரும். இந்தப் பயிற்சியில் எனக்கு ஏற்பட்ட ஒரு கருத்தை உங்கள் முன் வைக்கிறேன். கருவியைக் கையில் கட்டுவதற்கு முன், அது காட்டப்போகும் எண்ணை மாணவன் தானே கணக்கிடப் பழக வேண்டும். பழகாதவனுக்குக் கருவி துணையன்று. அது ஒரு மினுக்கும் பொம்மை.

இதை நான் என் சொந்த அசட்டுத்தனத்தில் கற்றேன். என்னிடம் இரண்டு கருவிகள் இருந்தன. உருளையோடு ரப்பர்க் குழாயால் இணைந்த காற்று அழுத்தமானி ஒன்று. ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் சிறு கணினி, மணிக்கட்டில் மற்றொன்று. மூன்றாவது முறை மூழ்கியபோது, 12 மீட்டர் ஆழத்தில், இருபது நிமிடம் கழித்துப் பயிற்சியாளர் உள்ளங்கையில் இரு விரல்களைத் தட்டிக் காட்டினார். 'காற்று எவ்வளவு மிச்சம்?' என்று அதற்குப் பொருள். நான் மணிக்கட்டைப் பார்த்தேன். 12.0 என்று இருந்தது. பதற்றத்தில் அதையே 120 என்று எண்ணி விரல்களால் காட்டினேன்! அந்தப் பெண் என் அழுத்தமானியை இழுத்துப் பார்த்தார். முள் 80-இல் நின்றது. உடனே கட்டை விரலை உயர்த்தினார். மேலே போகலாம் என்று பொருள். படகில் ஏறியதும், "சார், நீங்க படிச்ச எண் சரிதான், படிச்ச இடம்தான் தப்பு" என்றார். முப்பது ஆண்டுகளாக மாணவர்களின் விடைத்தாள்களில் அலகு எழுதாததற்கு மதிப்பெண் குறைத்தவன் நான்!

உண்மையில் என் தவறு எண்ணைத் தவறாகப் பார்த்தது மட்டுமன்று. அந்த எண் எவ்வளவாக இருக்க வேண்டும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியாததுதான் பெரிய தவறு. கணக்கு மிக எளியது. என் உருளையின் கன அளவு ஏறத்தாழ 11 லிட்டர். அதில் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்தால், கடல் மட்டத்தில் அது 2,200 லிட்டர் காற்று. நிதானமாக மூச்சு விடுபவருக்கு நிமிடத்திற்கு 20 லிட்டர் போதும் என்று வைத்துக்கொள்வோம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஆகவே 12 மீட்டரில் மொத்த அழுத்தம் 2.2 மடங்கு, அங்கே செலவாகும் காற்று நிமிடத்திற்கு 44 லிட்டர். பதினொரு லிட்டர் உருளையில் இது நிமிடத்திற்கு 4 பார். இருபது நிமிடத்தில் 80 பார் போக, 120 மிஞ்சியிருக்க வேண்டும். எனக்கோ 80-தான் மிஞ்சியது. நிமிடத்திற்கு 6 பார் இழுத்திருக்கிறேன்! பயந்தவன் மூச்சு அப்படித்தான் இருக்கும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்திருந்தால், முள் 80-ஐத் தொடுவதற்கு வெகு முன்பே 'நான் அதிகமாக மூச்சு வாங்குகிறேன்' என்று அறிந்திருப்பேன் அல்லவா? அதன் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். அழுத்தமானியைப் பார்க்கும் முன் மனத்தில் ஓர் எண்ணைச் சொல்வேன். பிறகுதான் பார்ப்பேன். முதல் நாள் முப்பது பார் வரை தவறினேன். ஐந்தாம் நாள் தவறு பத்துக்குள் வந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆழமானி ஆழத்தை அளப்பதில்லை. அது அளப்பது அழுத்தத்தை. அழுத்தத்திலிருந்து ஆழத்தைக் கணித்துக் காட்டுகிறது. கடல்நீருக்கென்று அளவு குறித்த ஆழமானியை நம் ஊர்க் கிணற்றில் இறக்கினால், நன்னீரின் அடர்த்தி குறைவு என்பதால், பத்து மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே காட்டும். மணிக்கட்டுக் கணினி இதைவிட வேடிக்கையானது. 'இன்னும் இத்தனை நிமிடம் இங்கே இருக்கலாம்' என்று அது சொல்வதைப் பார்த்து, நம் இரத்தத்தில் கரைந்துள்ள நைட்ரஜனை அது அளந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அதற்கு நம் இரத்தத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது! அழுத்தமும் நேரமும் மட்டுமே தெரியும். மற்றதெல்லாம் கணிப்பு.

அந்தக் கணிப்பின் கதை சுவையானது. அழுத்தம் கூடக்கூட நாம் சுவாசிக்கும் நைட்ரஜன் உடலில் கூடுதலாகக் கரைகிறது. வேகமாக மேலே வந்தால், சோடா புட்டியைத் திறந்தாற்போல் குமிழிகளாகப் பிரிகிறது. மூட்டுகளில் வலி, மரத்துப்போதல், சில வேளை பக்கவாதம், மரணம் கூட நேரலாம். 1908-இல் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற அறிஞரும் அவருடைய தோழர்களும் ஆடுகளை அழுத்த அறையில் வைத்து ஆராய்ந்து, மேலே வர வேண்டிய படிகளை அட்டவணையாக வெளியிட்டனர். உடலை ஐந்து வகைத் திசுக்களாகக் கற்பனை செய்து, அவை பாதியளவு நிறைவதற்கு 5, 10, 20, 40, 75 நிமிடம் ஆகும் என்று கொண்டனர். கதிரியக்கத்தில் நீங்கள் படிக்கும் அரை ஆயுள் கணக்கின் தம்பிதான் இது. 1980-களில் கணினி மணிக்கட்டுக்கு வந்தது, திசுக்களின் எண்ணிக்கை கூடியது, எண்கள் திருத்தப்பட்டன. ஆனாலும் அது கற்பனை உடல்தான். நேற்றிரவு தூங்காத, தண்ணீர் குடிக்காத, ஐம்பது வயதுத் தொந்தியுள்ள ஆசிரியரின் உடல் அன்று!

'கணினி வந்தபின் அட்டவணையும் மனக்கணக்கும் எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அட்டவணை, ஒருவர் முழு நேரமும் மிக அதிக ஆழத்திலேயே இருந்ததாகக் கொள்கிறது. கணினியோ நொடிக்கு நொடி ஆழத்தைப் பின்தொடர்கிறது. நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறினால் கூச்சலிட்டு எச்சரிக்கவும் செய்கிறது. நானும் அதைக் கட்டிக்கொண்டுதான் மூழ்குகிறேன். ஆனால் மின்கலம் தீர்ந்த அன்று, அல்லது என்னைப் போல் இடம் மாறிப் படித்த அன்று, 'இந்த எண் நம்பத்தக்கதா?' என்று கேட்க உள்ளே ஓர் ஆள் இருக்க வேண்டும். முதல் நாளிலேயே கணினியைக் கொடுத்துவிட்டால் அந்த ஆள் பிறப்பதே இல்லை.

கிணற்றில் பழகியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கிணற்றில் நாம் மூச்சை அடக்கி மூழ்குகிறோம். ஸ்கூபாவில் அடக்கவே கூடாது. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறைய வாங்கிய காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காகும். அடக்கினால் நுரையீரல் கிழியும். நான் இந்தப் பழைய பழக்கத்தை மறக்கத்தான் அதிகப் பாடுபட்டேன்.

இனி, உங்களால் செய்யக்கூடிய ஓர் ஆழமானியைச் சொல்கிறேன். கொத்தனார் மட்டம் பார்க்கும் தெளிவான பிளாஸ்டிக் குழாயில் 30 செ.மீ. வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு முனையை மெழுகுவர்த்தியில் காட்டி, இடுக்கியால் நசுக்கிக் காற்றுப் புகாதபடி அடையுங்கள். நீல மையில் சிறிது வெல்லப்பாகு கலந்து, ஈர்க்குச்சியால் குழாயின் உட்புறம் நெடுக ஒரு கோடு இழுத்து, காயவிடுங்கள். திறந்த வாய் கீழே இருக்குமாறு ஒரு கல்லோடு கட்டி, மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கிணற்றுக்குள் இறக்குங்கள். பெரியவர்கள் உடனிருக்க வேண்டும். யாரும் கிணற்றுக்குள் இறங்க வேண்டாம். இறங்க இறங்கக் குழாய்க்குள் தண்ணீர் ஏறிக் கோட்டைக் கரைக்கும். மேலே எடுத்தபின், கரைந்த நீளம் ஆழத்தைச் சொல்லும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கெல்வின் பிரபு, கப்பல்களுக்குக் கடலின் ஆழம் பார்க்க இந்தத் தத்துவத்திலேயே வேதிப்பொருள் பூசிய கண்ணாடிக் குழாயைப் பயன்படுத்தினார்.

சென்ற மழைக்குப் பின் எங்கள் கிணற்றில் மாணவர்கள் இதைச் செய்தார்கள். 5 மீட்டரில் ஏறத்தாழ 10 செ.மீ. கரைந்திருந்தது. அப்படியானால் 10 மீட்டரில் 20 செ.மீ. கரையுமா என்று கேட்டேன். கரையும் என்று வகுப்பே கூவியது. ஒரு சிறுமி மட்டும் பாயில் விதியைச் சிலேட்டில் போட்டுப் பார்த்து, 15 செ.மீ.தான் என்றாள். அவள் சொன்னதே சரி. அழுத்தம் இரு மடங்கானால் காற்று பாதியாகும், முழுவதும் மறையாது. ஆழம் கூடக்கூடக் கோடுகள் நெருங்கிவிடும். கடலில் 20 மீட்டருக்கும் 30 மீட்டருக்கும் இந்தக் குழாயில் வித்தியாசம் இரண்டரை செ.மீ.தான்.

இந்தக் குழாய்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு தூத்துக்குடி திரேஸ்புரத்துக்குப் போனேன். அங்கே சங்கு குளிப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். 1961-இல் கடைசி முத்துக் குளிப்பு நடந்த கடல் அது. அந்தக் காலத்தில் கல்லைக் காலில் மாட்டி, ஒரே மூச்சில் மூழ்கி, ஒரு நிமிட அளவில் மேலே வந்தார்கள். ஒரு மூச்சுக் காற்றில் கரையும் நைட்ரஜன் சொற்பம். இன்றோ படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே காற்று வாங்கி நெடுநேரம் அடியில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். காற்று தரும் எந்திரம் வந்தது. ஆழமானியும் அட்டவணையும் அதோடு வரவில்லை. பொழுதுபோக்குக்கு மூழ்கும் எனக்கு இரண்டு கருவிகள், ஒரு பயிற்சியாளர், ஒரு சான்றிதழ். பிழைப்புக்கு மூழ்குபவருக்கு ஒரு குழாய் மட்டும்! இதை நான் நியாயம் என்று ஒப்ப மாட்டேன். மீன்பிடி உரிமமும் படகுக்கு மானியமும் தரத் தெரிந்த அரசுக்கு, ஓர் ஆழமானியும் ஒரு நாள் பயிற்சியும் தருவது பெரிய செலவாகாது.

அங்கே சந்தித்த ஒரு பெரியவர் தம் முழங்கை வலியை வாயு என்று சொன்னார். தோளிலும் இருக்கிறதாம், மூழ்கிய நாளில் இரவு கூடுமாம். என் குழாயைச் சங்கு போடும் வலைப்பையில் கட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்ததும், குழாயைப் பார்க்காமலேயே, எட்டுப் பாகம் என்றார். நான் அளந்தேன். மிச்சமிருந்த கோடு 12 செ.மீ.; முப்பதைப் பன்னிரண்டால் வகுத்தால் இரண்டரை. அதாவது 15 மீட்டர். எட்டுப் பாகம் என்பது பதினான்கரை மீட்டருக்குச் சற்று அதிகம். கருவியும் அவரும் அரை மீட்டருக்குள் ஒத்துப் போனார்கள்!

ஆழம் அவருக்குத் தெரியும். எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்று கேட்டேன். பை நிறையும் வரை என்றார். பழைய அமெரிக்கக் கடற்படை அட்டவணை 60 அடிக்கு 60 நிமிடம் என்று வரம்பு வைத்ததைச் சொல்லி, சிலேட்டில் அரை ஆயுள் கணக்கை வரைந்து காட்டினேன். கவனமாகக் கேட்டார். பிறகு என் குழாயைத் திருப்பித் தந்துவிட்டு, தம் மகனுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்க வேண்டும், தண்ணீர் புகாதது என்ன விலை இருக்கும் என்று விசாரித்தார்.