ஒட்டைப் பிரிக்கும் கட்டைவிரல்

"மருந்தில்லை, ஊசியில்லை, கத்தியில்லை. ஒட்டிக்கிடக்கும் தசையைக் கையாலேயே பிரித்து நரம்பை விடுவிக்கிறோம். ஒரே சிட்டிங்கில் வித்தியாசம் தெரியும்."

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற சாலையில் இந்த ரகப் பதாகையை வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடைப் பெயர் மாறும், செல்போன் எண் மாறும், வாசகம் மட்டும் மாறாது. ஒரு மூலையில் தாடியோடு அகத்தியர். எதிர் மூலையில் தோலை உரித்துச் சதையைக் காட்டும் வெள்ளைக்காரப் பொம்மை.

ஒரே சிட்டிங்கில் தெரியுமென்றால் அடியில் பத்து சிட்டிங்குக்குச் சலுகை விலை எதற்கு என்று கேட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகலாம்.

இந்த வைத்தியத்தின் ஊர் அமெரிக்காவின் கொலராடோ. விமானப்படையில் பொறியாளராக இருந்து பிறகு கைரோபிராக்டர் ஆன மைக்கேல் லேஹி என்பவர் 1980-களில் உருவாக்கியது. 'ஆக்டிவ் ரிலீஸ்' என்பார்கள். தசையைத் தளர்வாக வைத்து, வலிக்கும் இடத்தில் விரலை ஊன்றிக்கொள்வார்கள். நோயாளியே அந்த உறுப்பை நீட்ட வேண்டும். விரலுக்கடியில் தசை நழுவி ஓடும். அவ்வளவுதான் சங்கதி. நம் சித்த மருத்துவத்தில் தொக்கணம் ஒன்பது வகை என்று இருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல் என்று போய் அசைத்தலில் முடியும். இரண்டும் தொடும் இடத்தைத் தாராளமாகப் பேசலாம். ஆனால் இது அகத்தியர் கண்டதென்றால் சுவரில் அமெரிக்கச் சான்றிதழ் எதற்கு? லேஹி கண்டதென்றால் அகத்தியருக்கு அங்கே என்ன வேலை? பழசை நம்புகிறவருக்கு ஒரு படம், புதுசை நம்புகிறவருக்கு ஒரு படம். கல்லா ஒன்றுதான்.

என் எரிச்சலுக்கு உண்மையான காரணம் அந்த 'ஒட்டு'.

கொலுசுப் பட்டறையில் வளையம் கோத்துப் பற்றவைக்கும் உறவுக்காரப் பெண் ஒருவருக்கு வலது கை விரல்கள் மரத்துப்போயின. இப்படியொரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்த தம்பி முழங்கைக்குக் கீழே உள்பக்கம் கட்டைவிரலை ஊன்றினார்.

"மடக்குன கைய மெதுவா நிமித்துங்கக்கா. இன்னுங் கொஞ்சம். இப்ப நறநறங்குது பாருங்க, அதான் ஒட்டு பிரியுது."

"ஆமாங் தம்பி, என்னமோ ஓடற மாதிரி இருக்குதுங்."

ஓடியது தசை. யார் முன்கையை அழுத்திக்கொண்டு மணிக்கட்டை ஆட்டினாலும் ஓடும். இதைப் படித்துக்கொண்டே நீங்களும் செய்து பார்க்கலாம், காசு வேண்டாம்.

ஒட்டு இருப்பதாக அவர்கள் சொல்வது தசையைச் சுற்றிய உறையில். அந்த உறையைக் கையால் உருமாற்ற எவ்வளவு பலம் வேண்டும் என்று 2008-இல் சௌத்ரி என்பவரும் கூட்டாளிகளும் கணித மாதிரி போட்டுப் பார்த்தார்கள். தொடையின் வெளிப்புறத்தில் இருக்கும் கெட்டியான உறையை வெறும் 1 சதவீதம் நசுக்கி 1 சதவீதம் நகர்த்த, மேலிருந்து அழுத்த மட்டும் 925 கிலோ பாரம் வேண்டுமாம். பக்கவாட்டில் தள்ள இன்னொரு 460 கிலோ. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், 90 கிலோ ஜவ்வரிசி மூட்டை பத்தை ஒருவர் தொடைமேல் ஏற்றினாலும் பற்றாது. அந்தத் தம்பியின் மொத்த எடையே ஒரு மூட்டை தேறாது. குதிகாலின் அடி உறைக்கும் கிட்டத்தட்ட இதே நிலைதான். மூக்கின் மெல்லிய உறை ஒன்றுக்கு மட்டும் கைபலம் போதும் என்றது அந்த ஆய்வு. மூக்குச் சுளுக்கிக்கொண்டு எத்தனை பேர் வருகிறார்கள் என்று தெரியவில்லை.

ஒரு பேச்சுக்கு அவர்கள் சொல்வதையே ஒப்புக்கொள்வோம். உள்ளே ஒட்டியிருந்த சதை விரல்பட்டு நிஜமாகவே கிழிந்தால் ரத்தம் கட்ட வேண்டும், வீங்க வேண்டும், மறுநாள் கையைத் தூக்க முடியாமல் போக வேண்டும். இவர்களோ முடிந்த கையோடு, "கைய வீசிப் பாருங்கக்கா, லேசா இருக்குதுங்களா?" என்று கேட்கிறார்கள். லேசாகத்தான் இருந்தது, சாயங்காலம் வரைக்கும். வலிக்கிற இடத்தைப் பக்குவமாக அழுத்தி அசைக்க வைத்தால் நரம்பு மண்டலம் சற்று நேரம் இறுக்கத்தைத் தளர்த்திக்கொள்ளும். இதற்கு ஒட்டும் வேண்டாம், உடைப்பும் வேண்டாம். அப்படிச் சொன்னால் பத்து சிட்டிங் விற்காது.

"குணமானவர்களைக் கேளுங்கள்" என்பார்கள். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்காரருக்கும் சங்ககிரி லாரி டிரைவருக்கும் திடீரென்று பிடிக்கிற இடுப்பு, பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கும். பத்து சிட்டிங்கும் கிட்டத்தட்ட அத்தனை வாரம்தான் ஓடும். நாள் ஆற்றியது, பேர் கட்டைவிரலுக்கு.

"ஆராய்ச்சி இருக்கிறது" என்பது அடுத்தது. மணிக்கட்டில் நரம்பு நசுங்கும் நோய்க்கு இந்த முறையை வைத்து 2006-இல் ஒரு முன்னோட்ட ஆய்வு வந்தது. அதில் இருந்தவர்கள் 5 பேர். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு கிடையாது. பதாகையில் அச்சடிக்க 5 பேர் போதும்போல.

"பக்கவிளைவே இல்லை." நாள் கணக்கில் ஸ்டீயரிங் முன் உட்கார்ந்து வருகிறவருக்கு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அது உள் ரத்தக்குழாயில் கட்டிய ரத்தமாக இருக்கலாம். அதைப் போட்டுப் பிசைந்தால் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போகலாம். இடுப்பு வலியோடு சிறுநீர் நின்றுபோனால், உட்காரும் இடம் மரத்தால், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. சர்க்கரையால் எரிகிற பாதத்தில் விடுவிக்க எந்த நரம்பும் சிக்கிக் கிடக்கவில்லை. இந்த மூன்றையும் கேட்டுவிட்டுக் கை வைக்கிற இடம் இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

கை வைத்தியமே கூடாது என்றெல்லாம் சொல்ல வரவில்லை. பள்ளிப்பாளையத்தில் தறி ஓட்டுகிறவரின் தோளை நன்றாகப் படித்த பிசியோதெரபிஸ்ட் பிடித்துவிட்டு, பயிற்சியும் சொல்லித்தந்தால் நல்லதுதான். ஆனால் தறிக்காரர் திரும்பிப் போவது அதே தறிக்கு, அதே ஷிப்டுக்கு. அதைப் பற்றிப் பதாகையில் ஒரு வரி கிடையாது.

விரல் மரத்துப்போன அந்த உறவுக்காரப் பெண்ணுக்கு மருத்துவர் பிற்பாடு கொடுத்தது, இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் ஒரு பட்டை. வேலையைக் கொஞ்சம் குறைக்கவும் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு அது கைகொடுத்தது, எல்லோருக்கும் கைகொடுக்கும் என்று சொல்ல மாட்டேன். பெருவிரலடி மேட்டுச் சதை வற்றத் தொடங்கிய பிறகு வருகிறவர்களும் உண்டு. நரம்பு நெடுநாள் நசுங்கிக் கிடந்ததன் அடையாளம் அது. அந்தக் கையை அறுவை மருத்துவரிடம் காட்டாமல் இன்னும் ஒன்றரை மாதம் உருவிக்கொண்டிருந்தால், போன சதையை எந்தச் சிட்டிங்கில் திருப்பித் தருவார்கள்?