"அட்ஜஸ்ட் பண்ணிக்கோ"ன்னு சொல்றதுக்கு முன்னாடி

1/ கும்மிடிப்பூண்டி பக்கத்துல ஒரு கிராமம். வயசு 36. சிப்காட்ல கான்ட்ராக்ட் துப்புரவு வேலை பார்த்தவங்க. கடன் அடைக்க வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போய், 14 மாசத்துல திரும்பிட்டாங்க. போன வாரம் என் ஓ.பி.க்கு வந்தாங்க. நீர்க்கடுப்பு, ஹீமோகுளோபின் 7, ராத்திரி தூக்கமில்லை.

2/ கூட வந்த நாத்தனார்: "இன்னும் ஒரு வருஷம் அட்ஜஸ்ட் பண்ணியிருந்தா கடன் அடைஞ்சிருக்கும் டாக்டர். இவளுக்குப் பொறுமை பத்தல." அந்தம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. இந்த த்ரெட் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

3/ குப்பூஸுக்கு அட்ஜஸ்ட் ஆகலாம். வெயிலுக்கு, மொழிக்கு, பிள்ளைகளை வீடியோ கால்ல மட்டும் பார்க்கிறதுக்குக்கூட பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆகலாம். ஆனா இவங்க காலை 5 மணியிலிருந்து ராத்திரி 1 மணி வரை வேலை செஞ்சிருக்காங்க. பாஸ்போர்ட் முதலாளி பீரோவுல. நடுவுல பாத்ரூம் போனா திட்டு. அதனால தண்ணி குடிக்கிறதையே குறைச்சுட்டாங்க.

4/ தண்ணி குறைஞ்சு, சிறுநீரை அடக்கி அடக்கி வெச்சா கிருமித்தொற்று வரும். இதுல பொறுமைக்கு என்ன வேலை? நாலு மணி நேரத் தூக்கம் பழகிட்ட மாதிரி தோணும். உடம்பு பழகாது.

5/ ஐரோப்பாவுல 'ஓ பேர்'னு ஒண்ணு இருக்கு. இளம் பெண்கள், ஆண்கள் வேற நாட்டுல ஒரு குடும்பத்தோட தங்கி, குழந்தையைப் பார்த்துக்கிட்டு, மொழி கத்துக்கிறது. அந்த பிரெஞ்சு வார்த்தைக்கு 'சரிசமமாக'ன்னு அர்த்தம். ஜெர்மனியில வாரம் 30 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாது. ஒன்றரை நாள் லீவு. அங்கேயும் மோசமான வீடுகள் உண்டு. ஆனா மீறினா "மீறிட்டாங்க"ன்னு சொல்ல ஒரு கணக்கு இருக்கு.

6/ வளைகுடாவுல சட்டமே இல்லையா? இருக்கு. குவைத்துல 2015 சட்டப்படி வீட்டு வேலை அதிகபட்சம் 12 மணி நேரம், வாரம் ஒரு நாள் லீவு, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைக்கக் கூடாது. அமீரகத்துல 2022 சட்டப்படி தினம் 12 மணி நேரம் ஓய்வு, அதுல 8 மணி நேரம் தொடர்ச்சியா. அந்த நாடுகளே தப்புன்னு எழுதி வெச்சதை நம்ம வீட்டுப் பெண் ஏன் சகிச்சுக்கணும்?

7/ வேலைக்குப் போறவங்களுக்கு எக்ஸ்-ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்து 'ஃபிட்'டான்னு பார்க்கிறோம். அந்த வீடு ஃபிட்டான்னு யார் பார்க்கிறாங்க?

8/ பத்தாவது பாஸ் ஆகாதவங்க பாஸ்போர்ட்ல இ.சி.ஆர்.னு இருக்கும் (மகாபலிபுரம் ரோடு இல்லீங்க!). அந்தப் பெண்கள் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போக 30 வயசு முடிஞ்சிருக்கணும், அரசு நிறுவனம் வழியாத்தான் போகணும். தமிழ்நாட்டுல அதுக்கு 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கு. இந்தம்மாவை ஏஜென்ட் விசிட் விசாவுல ஏத்தி விட்டிருக்கார். முறையா போயிருந்தா 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடாவது இருந்திருக்கும்.

9/ ஒரு ஒப்புதல். ரெண்டு வருஷம் முன்னாடி இதே மாதிரி வந்த ஒருத்தங்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதிட்டு, "புது இடம்னா அப்படித்தான்மா"ன்னு நானும் சொல்லி அனுப்பியிருக்கேன். என்ன நடந்ததுன்னு கேட்கவே இல்லை. ஓ.பி.யில அன்னைக்கு நல்ல கூட்டம். அது காரணம்தான், நியாயம் இல்லை.

10/ உங்க வீட்டுல யாராவது கிளம்புறாங்களா? பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூணையும் போட்டோ எடுத்து வீட்டுல வையுங்க. போன்ல வெளிப்படையா பேச முடியாதப்போ சொல்ல ஒரு ரகசிய வார்த்தை பேசி வையுங்க. அந்த வார்த்தை வந்தா கடன் கணக்கு பார்க்காதீங்க. "கிளம்பி வா"ன்னு சொல்லுங்க.