கூண்டுக்கு வெளியே நின்றவர்கள்

கலையின் பெயரால் மக்களிடம் பொய் சொல்லலாமா என்று கேட்கின்றனர். கேட்கத் தக்க கேள்விதான். ஆயினும் அதனை எவரை நோக்கி, எந்த நேரத்தில் கேட்கிறோம் என்பதில்தான் நம்முடைய நியாய உணர்வு வெளிப்படுகிறது.

கொலம்பஸ் கடல் கடந்து ஐந்நூறு ஆண்டுகள் நிறைந்ததை மேலை நாடுகள் 1992ஆம் ஆண்டில் விழாவெடுத்துக் கொண்டாடின. அவ்வேளையில் கியூப வழிவந்த அமெரிக்கப் பெண்மணி கோக்கோ ஃபுஸ்கோவும், மெக்சிகோவில் பிறந்த கில்லெர்மோ கோமெஸ் பெனியாவும் ஒரு கூண்டுக்குள் புகுந்து அமர்ந்தனர். மெக்சிகோ வளைகுடாவில் ஐரோப்பியர் கண்ணுக்கு ஐந்நூறு ஆண்டுகளாகத் தப்பிய தீவொன்றின் குடிகள் தாம் என்று அறிவித்துக் கொண்டனர். மாட்ரிடில் கொலம்பஸ் பெயர் தாங்கிய சதுக்கத்திலும், லண்டனிலும், வாஷிங்டன், சிட்னி, சிக்காகோ நகரங்களின் அருங்காட்சியகங்களிலும் அக்கூண்டு நின்றது. காவலர் கம்பிகளுக்கிடையே உணவு கொடுத்தனர். கழிப்பறைக்குக் கயிறு பூட்டி அழைத்துச் சென்றனர். காசு கொடுத்தால் அப்பெண் ஆடுவார். அந்த ஆண் எவருக்கும் விளங்காத மொழியில் கதை சொல்வார். கூண்டுக்குள் தொலைக்காட்சியும் கணினியும் இருந்தன. அவற்றைக் கண்ட பின்னரும், வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அத்தீவுக் கதையை நம்பினர் என்று ஃபுஸ்கோ பிற்பாடு எழுதினார்.

உண்மை வெளிப்பட்டதும் எழுந்தது கண்டனம்: "எங்களை ஏமாற்றிவிட்டார்கள்!"

அன்பர்களே, இந்தக் கண்டனத்தைச் சற்று நிறுத்துப் பாருங்கள். அந்தத் தீவு மெய்யாகவே இருந்திருந்தால் என்ன? அவ்விருவரும் மெய்யாகவே அதன் குடிகளாக இருந்திருந்தால், அவர்களைக் கூண்டில் அடைத்ததும் கயிற்றில் பூட்டியதும் நேர்மையாகிவிடுமா? பொய்யாக இருந்தது தீவின் பெயர் மட்டுமே. கம்பிகள் மெய், காசை நீட்டிய கைகளும் மெய். தீவு பொய் என்பதற்காகச் சினந்தவர், கூண்டு மெய் என்பதற்காகச் சினக்கவில்லையென்றால், அவர் காக்க வந்தது உண்மையையா, தம் மதிப்பையா?

அக்கலைஞர்கள் இக்காட்சியைத் தாமாகக் கற்பனை செய்துவிடவில்லை. தென்னாப்பிரிக்காவின் கொய்கொய் இனப் பெண் சாரா பார்ட்மன் 1810இல் லண்டனில் காட்சிப் பொருளாக்கப்பட்டார். அவருடைய உடலமைப்பைப் பார்க்கக் கட்டணம் வாங்கினர். நல்லோர் சிலர் வழக்குத் தொடுத்தபோது, அவர் சம்மதித்தே வந்தார் என்று கொண்டு வழக்கைத் தள்ளினர். ஆதரவற்ற ஒரு பெண்ணின் வாயிலிருந்து பெற்ற அந்தச் 'சம்மதம்' எத்தகையது என்பதை நம் இல்லத்துப் பெண்மக்களே நன்கறிவர். 1815இல் பாரிசில் அவர் இறந்த பின்னரும் காட்சி ஓயவில்லை. அவருடைய எலும்புக்கூடு 1970கள் வரை அங்கே அருங்காட்சியகத்தில் நின்றது. 2002இல்தான் அவர் தாய்மண்ணில் அடக்கம் செய்யப்பட்டார். காங்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஓட்டா பெங்கா என்னும் இளைஞரை 1906இல் நியூயார்க் பிராங்க்ஸ் விலங்குக்காட்சிசாலையின் குரங்குக் கூடத்தில் வைத்தனர். கறுப்பினப் போதகர்கள் அப்போதே எதிர்த்துக் குரலெழுப்பினர். அச்சாலையை நடத்தும் நிறுவனம் வருத்தம் தெரிவித்ததோ 2020இல்!

அந்நாள்களில் பெயர்ப்பலகைகள் பொய் சொல்லவில்லையா? 'அறிவியல்' என்று அவற்றில் எழுதியிருந்ததே, அதைவிடப் பெரிய பொய் உண்டோ? அப்பொய்யைப் படித்துத் தலையசைத்தவர்களின் வழிவந்தோர், இரு கலைஞர்களின் மூன்று நாள் பொய்க்கு மட்டும் ஒழுக்கம் பேசுவது விந்தை.

பொய்யை நான் போற்றவில்லை. மாணவனிடம் பொய் சொல்லிப் பாடம் நடத்தும் ஆசிரியன் அல்லன் நான். கதையை நம்பிச் சென்ற சிறுவர்களுக்கு உண்மையை எடுத்துச் சொல்லும் கடமை அக்கலைஞர்களுக்கு இருந்தது என்றே கருதுகிறேன். ஆனால் கண்ணாடி காட்டியவனைக் கடிந்துகொள்வதால் முகத்தின் கறை நீங்கிவிடாது.

வேடிக்கை பார்ப்பவன் எதுவும் செய்யாதவன் என்று எண்ணுகிறோம். அன்று, அவன் நின்று பார்த்ததனால்தான் கூண்டு நின்றது. அவன் கொடுத்த காசினால்தான் அப்பெண் ஆடினார். அந்தக் கூட்டத்தில் நாம் இருந்திருந்தால், "கதவைத் திற" என்று சொல்லியிருப்போமா, குழந்தையைத் தோளில் தூக்கி நன்றாகப் பார் என்று காட்டியிருப்போமா? விடையை அவரவர் நெஞ்சமே சொல்லட்டும்.