இன்னொரு லீவு வேண்டாம் சாமி!

ஆபீஸில் ஆணி அதிகம். இருந்தாலும் இதைச் சொல்லாமல் விட்டால் தலை வெடித்துவிடும், அதனால் இந்தப் பதிவு.

மகள் ஒன்பதாம் வகுப்பு. சனிக்கிழமைகளில் பல ஊர்ப் பிள்ளைகளோடு ஆன்லைனில் மாதிரி நாடாளுமன்றம் நடத்துகிறாள். சபாநாயகர், எதிர்க்கட்சி, வெளிநடப்பு எல்லாம் உண்டு :-) போன வாரம் அவள் கொண்டுவந்த மசோதா: நவம்பர் 26, அரசியல் சட்ட நாளுக்கு நாடு முழுக்க விடுமுறை. 1949-ல் அரசியல் சட்டத்தை ஏற்றுக்கொண்ட நாள். 2015-லிருந்து அரசு கொண்டாடுகிறது, ஆனால் லீவு கிடையாது. தங்கமணி ஆதரவு. நான் எதிர்ப்பு.

ஏன்? ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிற லீவே நம் கைக்கு வந்து சேரவில்லை.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 135பி. வாக்குப்பதிவு நாளில் ஓட்டு உள்ள ஊழியருக்குச் சம்பளத்தோடு லீவு. தினக்கூலிக்கும் உண்டு. வெளியூரில் வேலை பார்த்தாலும், ஓட்டு இருக்கும் தொகுதியில் தேர்தல் என்றால் லீவு உண்டு என்று தேர்தல் ஆணையமே சொல்லியிருக்கிறது. கொடுக்காத முதலாளிக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் 500 ரூபாய்! குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போனால் அதைவிட அதிகம் ஆகிறது.

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19, புனேவுக்கு மே 13. லீவு கேட்டுப் போனேன். "இங்கே எலெக்‌ஷன் அடுத்த மாசம்தானே?" என்றார் ஹெச்.ஆர். சட்டப் பிரிவைச் சொன்னேன். சிரித்தார். அப்படியே கொடுத்திருந்தாலும் ஒரு நாளில் திருநெல்வேலி போய்த் திரும்ப முடியுமா? ரயிலில் போகவே ஒன்றரை நாள்.

"ஓட்டைப் புனேவுக்கே மாத்திக்க வேண்டியதுதானே?" என்பீர்கள். நியாயம்தான். குடியிருக்கும் இடத்தில்தான் பதிவு செய்யவேண்டும் என்பதே சட்டம். இங்கேயே வீடு வாங்கி உட்கார்ந்துவிட்ட நான் மாற்றாதது என் சோம்பேறித்தனம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பக்கத்து மனையில் கட்டடம் கட்டுகிற பீகார், ஒடிசா ஆட்கள்? ஆறு மாதம் இங்கே, அடுத்த ஆறு மாதம் எங்கேயோ. எத்தனை தடவை மாற்றுவார்கள்?

இதற்காகத்தான் 2022 டிசம்பரில் தேர்தல் ஆணையம் தொலைதூர வாக்கு இயந்திரம் ஒன்றின் மாதிரியை அறிவித்தது. ஒரே இயந்திரத்தில் 72 தொகுதிகளின் ஓட்டைப் போடலாம் என்றார்கள். எதிர்க்கட்சிகள் சந்தேகம் கிளப்பின. 2024 தேர்தல் அது இல்லாமலேயே முடிந்துவிட்டது. சந்தேகம் கேட்பது சரி. பதில் தேடாமல் அப்படியே விடுவது சரியா?

ஆகவே மகளே, மசோதாவைத் திருத்து. புது லீவு வேண்டாம். பழைய லீவோடு பயண நாளையும் சேர். அந்த 500 ரூபாயைத் தூக்கிவிட்டு, லீவு மறுக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு மாதச் சம்பளம் என்று எழுது.

நவம்பர் 26-ல் லீவு விட்டால் நாம் என்ன செய்வோம்? துணி துவைப்போம், மாலுக்குப் போவோம். அரசியல் சட்டம் நமக்குக் கொடுத்தது ஓட்டு. அதைப் போடவிட்டால் போதும், கொண்டாட்டம் தானாக வரும்.

கும்ம நினைப்பவர்கள் பின்னூட்டத்தில் கும்மலாம். லீவு கேட்டு வாங்கியவர்கள் இருந்தால், எப்படி வாங்கினீர்கள் என்று அவசியம் சொல்லுங்கள்!